பகலில் ஏற்றிய லாந்தர்

சோளக்காட்டுச் சந்தைத் திடலைத் தாண்டி இறக்கத்தில் கால் வைத்தபோது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. அடிவாரம் வரைக்கும் கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதைதான். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் சிலர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போன பெண் மூட்டையைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

“லாந்தர்க்காரருதானுங்களே? எங்க, ராசப்பன் மாமன் வல்லீங்களா?”

“வரலீங்க.”

“மேலயே தங்கிட்டாருங்களா? தங்கட்டும், தங்கட்டும். அவரு இருந்தா ஊரே கலகலன்னு இருக்கும்.”

அவளுக்கு என் பெயர் தெரியாது. இரண்டு மழைக்காலமாக நானும் அவள் ஊர் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தேன். அவள் ஊட்டு வாசலில் நின்று தொண்டை வறளக் கத்தி லாந்தர் காட்டியவன் நான். ராசப்பன் என் பின்னால் சீமெண்ணெய் டின் சுமந்து வந்தவன். ஆனால் மாமன் என்றால் அவன்தான். நான் வெறும் லாந்தர்க்காரன். ஒரு வேரின் மேல் உட்கார்ந்து, அந்தக் கூட்டம் கண்ணுக்கு மறையும் வரைக்கும் பீடி பிடித்தேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் குடியிருக்கும் விற்பனைப் பிரதிநிதிகள் இரண்டு பேர் சில நாட்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் கம்பெனி வெளிதேசத்துக்குச் சரக்கு அனுப்பப் போகிறதாம். அந்தந்த தேசத்து மக்களின் பழக்கவழக்கம் என்ன, எப்படிப் பேசினால் வாங்குவார்கள் என்று அவர்களுக்குத் தனியாக வகுப்பு நடத்துகிறார்களாம். “உங்கள் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி இங்கே வந்து விற்றபோது இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்?” என்று கேட்டார்கள். சமாளித்தவன் ராசப்பன். ஆனால் அவன் இப்போது இல்லை. அதனால் அவன் கதையையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் அவன் பேச்சை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு முடியும் முன்பே முடிந்துவிட்டது. வாத்தியார் அடித்தார், ஓடினேன். ரயில் பாதை போடுகிற கூட்டத்தோடு மண் சுமந்தேன். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அங்கே வந்த கப்பல்காரர்களிடம் வசவு வாங்கி வாங்கி இங்கிலீஷ் வந்தது. காய்ச்சல் கண்டவர்களைக் கொட்டகையில் அடைத்தபோது நானும் உள்ளே கிடந்தேன், பிழைத்தேன். ஊர் திரும்பியபோது வீடு என்று எதுவும் மிச்சமில்லை. சேலத்தில் ஒரு சீமெண்ணெய்க் கம்பெனி, எண்ணெய் விற்பதற்காக லாந்தர் விளக்கையும் விற்கத் தொடங்கியிருந்தது. விளக்கைக் காட்டி விளக்கிப் பேச, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்துகொண்டேன்.

எங்கள் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரமான மனிதர். அவர் ஒருநாளும் அதட்டிப் பேசியதில்லை. கோபம் வந்தால் கையிலிருக்கும் பேனாவின் மூடியை எடுத்து மெல்லத் திருகி மூடுவார், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கூடக் கேட்காது. ஆனால் ஆபீசில் எல்லாரும் தலையைக் குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். விளக்குக் கண்ணாடியை வேலையாட்களிடம் கொடுக்காமல் தானே துடைப்பார். துடைத்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஊரில் தன் தாய் வெள்ளித் தட்டுகளை இப்படித்தான் துடைப்பாள் என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சொந்த விஷயம் பேசமாட்டார்.

விளக்கை எப்படிக் காட்ட வேண்டும் என்று சீமையிலிருந்து ஒரு முறை எழுதி வந்திருந்தது. ஆப்பிரிக்காவுக்கும் சீனாவுக்கும் எங்களுக்கும் அதே முறைதான். இருட்டு எல்லா ஊரிலும் ஒன்றுதானே, வெளிச்சமும் ஒன்றுதான் என்பார் துரை.

உச்சிப் பொழுதில், ஆட்கள் கூடும் இடத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் விளக்கின் உறுப்புகள் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் முகம் நமக்குத் தெரியும். முதலில் தகர அடியைத் தட்டிக் காட்ட வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை விரித்துக் காட்ட வேண்டும். திரியை நேராகக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றி, கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி விளக்கைப் பெரிதாக ஒரு வீச்சு வீச வேண்டும். அடுத்தது காற்றுச் சோதனை. அந்த ஊர்க்காரர்களிடமே முறமோ விசிறியோ இரவல் வாங்கி, விளக்கின் முகத்துக்கு நேரே விசிற வேண்டும். நம் விசிறியைக் கொண்டு விசிறினால் ஏதோ தந்திரம் என்பார்கள். அவர்களுடையதைக் கொண்டு விசிறினால் நம்புவார்கள் என்பது கணக்கு. கடைசியில் கண்ணாடியைத் தூக்கி, ஒரே ஊதலில் அணைத்து, சிரித்த முகத்தோடு “எத்தனை வேண்டும்?” என்று கேட்க வேண்டும்.

சேலத்துக் கடைவீதியிலும் நாமக்கல் சந்தையிலும் நான் இதைக் காட்டினால் கூட்டம் கைதட்டும். துரை என்னைத்தான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார். எனக்கும் அதில் பெருமை உண்டு. பகலில் விளக்கேற்றுவதும் வாயால் ஊதி அணைப்பதும் நம் ஆட்களுக்கு ஆகாது என்பது எனக்கு மட்டும் தெரியாதா? சந்தையில் யாரும் அதை விளக்கு என்று நினைக்கவில்லை. சாமான் என்று நினைத்தார்கள். பூட்டு, கத்தரிக்கோல் மாதிரி அதுவும் ஒரு சாமான்.

மலைக்குப் போன பிறகுதான் சிக்கல். அங்கே சந்தை என்று சோளக்காடு ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய ஊட்டு வாசல்.

ராசப்பன் அடிவாரத்து ஆள். என்னைவிடச் சில வயது மூத்தவன். முன்பு வெல்லம் சுமந்து மலையில் விற்றவன். எண்ணெய் டின் தூக்கத்தான் அவனைச் சேர்த்தார்கள். முறைப்படி அண்ணா என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன், உதட்டளவில். அவனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. துரையைக் கண்டால் குனிந்து கும்பிட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான்.

ஆனால் ஓர் ஊருக்குள் நுழைந்தால் அவன் ராஜா. “ஏனுங்க மாமா, சாமை கதிர் புடிச்சிருச்சுங்களா?” என்று எங்கோ தூரத்திலிருந்தே ஆரம்பிப்பான். உடனே ஒரு வாசலில் களியும் கீரையும் வரும். அவன் இலைக்கு இரண்டாம் முறை வரும். என் இலைக்குக் கேட்டால்தான் வரும். அவன் சாப்பிட்டுவிட்டு மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவான். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். மறுநாள் திரும்பும்போது பார்த்தால் அந்த வீட்டில் ஒரு லாந்தர் தொங்கும். எப்போது விற்றான், எப்படி விற்றான் என்று எனக்குப் புரியாது. ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன்.

“நான் எங்க வித்தேன்? அவிங்கதான் கேட்டாங்க,” என்றான்.

“கேக்கற மாதிரி என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுஞ் சொல்லல தம்பி. காட்டுல பன்னி எறங்குதுன்னு அவிங்க சொன்னாங்க. நான் ஆமாம்னேன்.”

இப்படிப் பதில் சொல்கிறவனை என்ன செய்வது? தெரிந்ததை மறைக்கிறான் என்று நினைத்தேன். அவன் மறைக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. கற்றுக்கொண்டு செய்கிறவனைத் துரத்திப் பிடிக்கலாம். இவன் எதையும் கற்றுக்கொள்ளவே இல்லையே. வெகுகாலம் கழித்து அவன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது கூட, பந்தலில் அவனுக்காக எத்தனை வரிசை சனம் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடியது.

இந்த நேரத்தில் கம்பெனி அடிவாரத்தில் எண்ணெயும் விளக்கும் வைத்து விற்க ஒரு டிப்போ திறப்பதாக முடிவு செய்தது. மலை முழுவதற்கும் ஓர் ஏஜெண்டு. மாதச் சம்பளம். டிப்போவுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று, அதற்குத் தனியாகக் கதவும் பூட்டும். சம்பளத்தைக் கூட விட்டுவிடலாம். அந்தக் கதவை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கொட்டகையிலும் சத்திரத்திலும் கப்பல் தளத்திலும் படுத்து எழுந்தவன் நான். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள எனக்கு ஒருநாளும் ஒரு கதவு இருந்ததில்லை. வேலை எனக்குத்தான் என்று நானே தீர்மானித்துக்கொண்டு, சாவியை எங்கே மாட்டுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

துரை அப்படித் தீர்மானிக்கவில்லை. “மலையில் உன்னைவிட ராசப்பன் அதிகமாக விற்கிறான். ஏன் என்று நான் பார்க்க வேண்டும்,” என்றார். அவரே மலையேறி வந்தார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; திருப்புலி நாட்டில் எங்கள் விளக்கு ஒன்று கூட நுழைந்திருக்கவில்லை. அங்கே நாட்டுக் கவுண்டர் என்று ஒரு பெரியவர். அந்த நாட்டு ஊர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அவர் வீட்டில் ஒன்று நுழைந்தால்தான் மற்ற வீடுகளில் நுழையும். அங்கே காட்டி ஜெயிக்கிறவனுக்கு டிப்போ. துரை இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது. கவுண்டர் குள்ளமான ஆள், தோளில் கம்பளி. வாசலுக்கு இறங்கி வந்தே வரவேற்றார்.

“வாங்க தொரைங்களே, வாங்க சாமி. எங்களயெல்லாம் தேடி இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கறீங்க. மொதல்ல தண்ணி குடிங்க. ஏ புள்ள, பலாச்சொளை எடுத்துட்டு வா.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நன்றி சொல். முதலில் வேலை. வெயில் சாய்ந்துவிட்டால் உறுப்புகள் தெரியாது,” என்றார்.

“பொறவு குடிக்கறாராமுங்க,” என்றேன். கவுண்டருடைய சம்சாரம் செம்போடு வந்தவர், அப்படியே நின்றார்.

நான் முறை தவறவில்லை. வாசல் நடுவில், வீட்டு நிலைக்கு நேர் எதிரே நின்றேன். அடியைத் தட்டினேன், கண்ணாடி துடைத்தேன், துணி விரித்தேன். திரி கத்தரித்து ஏற்றினேன். சுற்றி நின்றவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். வியப்பு என்று நினைத்துக்கொண்டேன். விளக்கை வீசிக் காட்டினேன். “ஒரு மொறம் குடுங்க,” என்றேன். யாரும் அசையவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த முறத்தைத் துரையே எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் விளக்கு முகத்துக்கு நேரே விசிறினேன். சுடர் ஆடவே இல்லை. ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கடைசியில் கண்ணாடியைத் தூக்கி ஒரே ஊதலில் அணைத்து, சிரித்து, “எத்தன வேணுமுங்க?” என்று கேட்டேன்.

கவுண்டரும் சிரித்தார். தலையை இரண்டு பக்கமும் அழகாக ஆட்டினார்.

“நல்லா இருக்குதுங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆகட்டுமுங்க, பாக்கலாமுங்க.”

நான் அதை அப்படியே சொன்னேன்: மிகவும் நன்றாயிருக்கிறதாம், ஆகட்டும், பார்க்கலாம் என்கிறார். துரை கவுண்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் கையையும் குலுக்கினார். அதுவரை அவர் என் கையைத் தொட்டதில்லை. ஊர் எல்லையில், கவுண்டர் வாசல் தெரிகிற ஒரு பலா மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தோம். எத்தனை விளக்கு அனுப்ப வேண்டும் என்று துரை குறிக்கத் தொடங்கினார்.

எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசப்பன் மெல்ல எழுந்து என்னிடம் வந்தான்.

“சின்னு, தொரகிட்டச் சொல்லீரு. கவுண்டரு வேண்டாம்னுட்டாரு.”

“ஆகட்டும்னுதான சொன்னாரு? காது கேக்கலையா உங்களுக்கு?”

“அட, நீ எந்த ஊருக்காரனப்பா? ஆகட்டும் பாக்கலாம்னா என்ன அர்த்தம்? வந்தவிங்கள வேண்டாம்னு சொல்ல அவருக்கு வாய் வரல. பட்டப்பகல்ல நெலைக்கு நேரா வெளக்கு ஏத்தறது எழவு ஊட்டுல. பொணத்துத் தலமாட்டுல வெப்பாங்க. அத ஏத்தி, ஆகாத மொறத்துக் காத்துப் புடிச்சு, வாயில ஊதி அணைச்சுப்போட்டு வேணுமான்னு கேட்டா ஆரு வாங்குவா? அங்க பாரு.”

பார்த்தேன். கவுண்டருடைய சம்சாரம் அந்த வெயிலில் வாசல் முழுக்கச் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

துரை நிமிர்ந்தார். “ராசப்பன் என்ன சொல்கிறான்? அந்த அம்மாள் என்ன செய்கிறாள்?”

ஒன்றுமில்லை, பசிக்கிறது என்கிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். ராசப்பனுக்குத் தெரியப்போவதில்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் நான் எல்லாவற்றையும் சொன்னேன். துரை மூடப் பழக்கங்களை ஏளனம் செய்கிறவர் என்பது என் எண்ணம். பிணம், முறத்துக் காற்று, சாணித் தண்ணீர் என்று கேட்டதும் சிரிப்பார். இவன் டின் தூக்கத்தான் லாயக்கு என்று முடிவு கட்டுவார். அதனால் ஒன்று விடாமல், கொஞ்சம் தூக்கலாகவே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் இங்கிலீஷ் பேசியதில்லை.

துரை சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். குறித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“எங்கள் ஊரில் வீட்டுக்குள் குடையை விரித்தால் ஆகாது,” என்றார். “என் தாய் படித்தவள். ஆனாலும் ஒரு குடைக்காரன் அவள் கூடத்துக்குள் வந்து ஒரு குடையை விரித்துக் காட்டியிருந்தால், மிகவும் நன்றாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருப்பாள்.” பிறகு என்னைப் பார்த்து, “அவன் என்றால் என்ன செய்வான், கேள்,” என்றார்.

கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன்.

“பொழுது சாயட்டுமுங்க. மொதல்ல போயி அந்தத் தண்ணியக் குடிக்கோணும்,” என்றான் ராசப்பன்.

திரும்பிப் போனோம். கவுண்டர் முகத்தில் மறுபடியும் அதே மரியாதை. ராசப்பன் கேட்காமலே செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான். துரையும் குடித்தார். பலாச்சுளை வந்தது. துரையின் விரலெல்லாம் பால் ஒட்டிக்கொள்ள, கவுண்டர் சம்சாரம் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “எண்ண தடவோணும் சாமி, இல்லாட்டிப் போகாது,” என்று விளக்கெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். துரை தடவிக்கொண்டார். அதற்கப்புறம் ராசப்பன் மழை, சாமை, பன்னி என்று தொடங்கிவிட்டான். அவன் தகப்பனார் வெல்லம் கொண்டுவந்த காலத்தில் கவுண்டர் இளவட்டமாம். அந்தப் பேச்சு கொஞ்ச நேரம். துரை கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நான் எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசலில் யாருக்கும் தேவைப்படாத ஆள் நான் ஒருவன்தான்.

பொழுது சாய்ந்தது. உள்ளே வீட்டு விளக்கு ஏற்றினார்கள். எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். அதற்குப் பிறகே ராசப்பன் லாந்தரைக் கையில் எடுத்தான். அதுவும் வாசலுக்குக் கொண்டு போகவில்லை.

“அக்கா, உங்க வெளக்குல இருந்து நெருப்பு எடுத்துக்கலாமுங்களா? நீங்களே ஏத்துங்க. என்ற கையெல்லாம் சீமெண்ண.”

அந்த அம்மாள் கவுண்டர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு குச்சியை வீட்டு விளக்கில் பற்ற வைத்து லாந்தர் திரியில் வைத்தார். ராசப்பன் கண்ணாடியை இறக்கி, விளக்கைக் கவுண்டரிடம் நீட்டினான்.

“காட்டுப் பரணு வரைக்கும் போயிட்டு வாங்க மாமா. நாங்க இங்கயே இருக்கறோம்.”

கவுண்டர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். வீட்டைச் சுற்றியிருந்த மரங்களைத் தாண்டினால் சரிவு முழுக்கக் காற்று. பந்தம் கொண்டு போனால் பாதி வழியில் அணைந்துவிடும். அந்த வெளிச்சம் சரிவில் ஏறி, காவல் பரண் வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி இறங்கி வந்தது. ஒரு இடத்தில் கூடத் துடிக்கவில்லை. துரை எழுந்து நின்றே பார்த்தார். முறத்தைக் கொண்டு நான் காட்டியதும் இதைத்தான்.

“அணைக்கறதுக்கு ஊதாதீங்க,” என்றான் ராசப்பன். “இந்தத் திருகக் கீழ திருப்புங்க. அதுவா குளுந்துக்கும்.”

கவுண்டர் திருகினார், சுடர் அடங்கியது. மறுபடி ஏற்றச் சொன்னார், ஏற்றினார்கள். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்.

“இதென்ன நாத்தம் நாறுது? சோத்துல ஏறுனா ஆரு உங்கறது? கண்ணாடி ஒடஞ்சா என்ன பண்றது, உங்க தொர கொண்டாந்து போடுவாரா? கைப்புடியப் பாரு, கம்பளிக்குள்ள புடிக்க முடியல. எண்ண தீந்தா ஒவ்வொரு தடவையும் அடிவாரம் எறங்கோணுமா? செஞ்சவனுக்கு அறிவு வேண்டாமா?”

குரல் ஏறிக்கொண்டே போனது. ராசப்பன் தலையைக் குனிந்து, “ஆமாங்க, ஆமாங்க,” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

துரை என் பக்கம் சாய்ந்தார். “கோபமாக இருக்கிறாரா? என்ன சொல்கிறார்?”

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. மத்தியானம் பாராட்டியவர் வாங்கவில்லை. இப்போது திட்டுகிறவர் வாங்கிவிட்டார். வேண்டாத சாமானுக்கு யார் கைப்பிடியைப் பற்றிக் கவலைப்படப் போகிறார்கள்? ஆனால் துரை கேட்டது என்ன சொல்கிறார் என்றுதானே. அதைச் சொன்னேன். நாற்றம் என்கிறார், கண்ணாடி உடையும் என்கிறார், கைப்பிடி சரியில்லை என்கிறார், செய்தவனுக்கு அறிவில்லை என்கிறார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. துரையின் கை பேனா மூடியைத் தேடியது. அடிவாரத்துக் கதவு எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அந்த நேரத்தில் கவுண்டருடைய சம்சாரம் உள்ளேயிருந்து வந்தார். புருஷன் பேசிக்கொண்டே இருக்க, அவர் கையிலிருந்த லாந்தரை வாங்கினார். வீட்டுக்குள் கொண்டு போனார். குனிந்து, எம்பி, உத்தரத்திலிருந்த ஒரு கொக்கியில் மாட்டினார். கூரைக்கடியில் வெளிச்சம் பரவியது. மூலையில் தானியக் குதிர் தெரிந்தது; இரண்டு குழந்தைகள் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கின. கவுண்டர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை நாற்றத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துரை வாசலில் நின்றபடியே அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: “நீ எனக்கு ஒவ்வொரு சொல்லையும் சரியாகச் சொன்னாய். உன்னை மட்டும் கேட்டிருந்தால் மத்தியானம் நான் விளக்குகளை அனுப்பியிருப்பேன். இப்போது மூட்டை கட்டியிருப்பேன்.”

சொல் சரியாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். அதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

விடியும் முன்பே கிளம்பிச் சோளக்காடு வந்ததும் துரை டிப்போவை ராசப்பனுக்குக் கொடுத்தார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இவன் ஏஜெண்டு, வீடு இவனுக்கு என்று என் வாயால் சொன்னேன். ராசப்பன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் சொன்னேன். பிறகு துரை எனக்கென்று ஒன்று சொன்னார். “இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீ இவனுக்குக் கீழே எழுத்தராக இரு. அவர்கள் சொல்வது உனக்குத் தெரிகிறது. அவர்கள் நினைப்பது அவனுக்குத் தெரிகிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.”

மாதச் சம்பளம்தான், குறைச்சலில்லை. நான் பதில் சொல்லும் முன் ராசப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“இருந்துக்க சின்னு. அத்தாம் பெரிய ஊட்டுல நான் ஒண்டியா என்ன பண்ணப் போறேன்? முன்னால அறையில நீ படுத்துக்க. அடுத்து குண்டனி நாட்டுக்குப் போகோணும், இதுவரைக்கும் அங்க ஒரு வெளக்குக் கூடப் போகல. நாளன்னிக்கு ரெண்டு பேருமாப் போயிட்டு வருவோம்.”

அவன் மனதாரத்தான் சொன்னான். அவன் ஏளனமாகச் சிரித்திருந்தால் கூட நான் அங்கே இருந்திருப்பேன். அவன் கதவுக்குப் பின்னால், அவன் தயவில் ஓர் அறை! துரையிடம் மரியாதையாக நன்றி சொன்னேன். ராசப்பனிடம், “ஆகட்டுமுங்க, பாக்கலாமுங்க,” என்றேன். அவன் முகம் வாடியது. அவனுக்குப் புரியாமலா இருக்கும்? மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன்.

அடிவாரத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வண்டிப் பேட்டையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை, குண்டனி நாட்டில் ராசப்பனுக்கு எந்த வீட்டில் முதலில் களி போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் கடைவீதிக்குப் போனேன். வேறொரு சீமெண்ணெய்க் கம்பெனியின் சரக்கு எடுத்து விற்கும் முதலாளி ஒருவர் கடை திறந்துகொண்டிருந்தார். அவரிடமும் லாந்தர் உண்டு, மலையில்தான் போகவில்லை. வேலை கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார்.

“மலையில லாந்தர் விக்கத் தெரியுமா? எங்க, இத ஏத்திக் காட்டு, பாக்கலாம்.”

“இப்ப ஏத்தக் கூடாதுங்க.”

“ஏனப்பா?”

பொழுது சாய வேண்டும், வீட்டு விளக்கிலிருந்துதான் நெருப்பு எடுக்க வேண்டும், அந்த வீட்டுப் பொம்பளை கையால் ஏற்ற வேண்டும், ஊதி அணைக்கக் கூடாது, தண்ணீர் கொடுத்தால் முதலில் குடிக்க வேண்டும், பாராட்டினால் கிளம்பிவிட வேண்டும், திட்டினால் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். முதலாளி துடைத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டார்.

“அட, மலைச்சனத்து மனசு உனக்கு இப்படித் தெரிஞ்சிருக்குதே! எத்தன வருசப் பழக்கம்?”

“ரொம்ப நாளுங்க.”

“சரி, இன்னையில இருந்து சேந்துக்க. உடம்பு சோந்து கெடக்குது, இன்னிக்குக் கடையிலயே இரு. நாலு நாள் கழிச்சு மலைக்குப் போலாம். எந்தப் பக்கம் போற?”

“குண்டனி நாட்டுக்குங்க,” என்றேன். “இன்னிக்கே ஏறோணுமுங்க.”